அலெக்சாண்ட்ரியாவில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பயணப்பை:
வணக்கம். டிசம்பர் இரண்டாவது வாரம் பெற்றோருடன் கெய்ரோவில் இருப்போம். அதில் இரண்டு நாளை அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒதுக்கலாமா, இல்லை காலையில் போய் இரவே திரும்பிவிடலாமா? டூர் நடத்துபவர்கள் எல்லோரும் ஒருநாள் பயணம்தான் விற்கிறார்கள். "கலங்கரை விளக்கமும் இல்லை, பழைய நூலகமும் இல்லை, அங்கே போய் எதைப் பார்க்க?" என்று கேட்பவர்களும் உண்டு.

அம்மாவுக்கு மூட்டு வலி. சமதளத்தில் நன்றாக நடப்பார், படிதான் சிரமம். அப்பா சுத்த சைவம், வரலாறு என்றால் உயிர். விசா, கெய்ரோ ஹோட்டல் எல்லாம் முடிந்தது. ரயில், தங்கும் பகுதி, பார்க்கும் வரிசை, சாப்பாடு, மழை இதெல்லாம்தான் தெரிய வேண்டும்.

கலங்கரை:
இரண்டு நாள் ஒதுக்குங்கள், ஒரு இரவாவது தங்குங்கள். கெய்ரோவிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரயிலோ சாலையோ, இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். தொல்லியல் இடங்கள் காலை 9 மணி வாக்கில் திறந்து மாலை 4, 5 மணிக்குள் மூடிவிடும். ஒரே நாளில் போய் வந்தால் கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். அதிலும் ஒரு பங்கை ஊர் நெரிசல் தின்றுவிடும். டூர் வண்டிகள் தூண், கல்லறை, கோட்டை மூன்றையும் ஓட்டமாகக் காட்டிவிட்டு, நூலகத்தை வாசலில் நின்று படம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

"ஒன்றுமே இல்லை" என்பவர்கள் தரைக்கு மேலே மட்டும் தேடுகிறார்கள். பழைய நகரத்தின் மேலேயே இன்றைய நகரம் குடியிருக்கிறது. தோண்ட முடிந்த இடங்கள் கொஞ்சம். அரண்மனைப் பகுதியோ நிலநடுக்கத்திலும் நிலம் அமிழ்ந்ததிலும் கிழக்குத் துறைமுகத்துக்குள் ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதனால் இந்த ஊருக்குப் போகுமுன் நில அமைப்பை மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது. அது தெரியாமல் பார்த்தால் எல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

வடக்கே கடல், தெற்கே மரியூத் ஏரி, நடுவில் ஒரு சுண்ணாம்புக்கல் மேடு. கி.மு. 331-இல் அலெக்சாண்டர் தேர்ந்தெடுத்தது இந்த மேட்டைத்தான். எதிரே ஃபாரோஸ் தீவு. தீவையும் கரையையும் இணைத்து ஏழு ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு) நீளத்துக்கு, அதாவது ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்கு, ஒரு அணைகரை போட்டார்கள். அதனால் கடல் இரண்டு துறைமுகமாகப் பிரிந்தது. பிறகு இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து அந்த அணைகரை அகன்றுவிட்டது. மன்ஷியா சதுக்கத்திலிருந்து அன்ஃபூஷி பக்கம் நடந்தால் நீங்கள் நடப்பது அதன் மேல்தான். கிழக்குப் பக்கம் மீன்பிடிப் படகுகள் நிற்கும் வளைவு. மேற்குப் பக்கம் இன்றைய வணிகத் துறைமுகம், அதற்குள் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது. பழைய நகரத்தின் நெடுக்குச் சாலை ஏறக்குறைய இன்றைய ஃபுவாத் தெரு வழியாகவே ஓடியது.

முதல் நாள்: ரயிலிலிருந்து இறங்கி, பையை ஹோட்டலில் போட்டுவிட்டு கோம் எல் திக்கா. மிஸ்ர் ரயில் நிலையத்துக்கு வடக்கே ஐந்து, பத்து நிமிட நடை. 1960-இல் போலந்துக் குழுவினர் தோண்டத் தொடங்கிய இடம். பளிங்குப் படிகளோடு சிறிய ரோமானிய அரங்கு ஒன்று இருக்கும். எல்லோரும் அதைப் படம் பிடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். அதை ஒட்டி வரிசையாக உள்ள சிறு கூடங்களை விட்டுவிடாதீர்கள். மூன்று பக்கமும் கல் இருக்கைகள், நடுவில் ஆசிரியருக்கு உயர்ந்த இருக்கை. பழங்காலப் பாடசாலை ஒன்றின் விரிவுரைக் கூடங்கள் அவை. அதே வளாகத்திலுள்ள பறவைகள் மாளிகையின் தரை மொசைக்குகளுக்கு (சிறு கற்கள் பதித்த ஓவியங்கள்) தனிச் சீட்டு.

அங்கிருந்து கால் மணி நடையில் கிரேக்க-ரோமன் அருங்காட்சியகம். 1892-இல் தொடங்கியது, 2005-இல் மூடியது, 2023 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். பழைய பயணக் கட்டுரைகளில் "மூடப்பட்டுள்ளது" என்று இருக்கும், நம்ப வேண்டாம். காட்சிக்கூடங்கள் பெரும்பாலும் தரைத்தளத்தில் இருப்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை. இரண்டு மணி நேரம் கொடுங்கள். சோஃபிலோஸ் என்ற கலைஞர் கையெழுத்திட்ட மொசைக் ஒன்று அங்கே உண்டு: பெரிய கண்களோடு நேராகப் பார்க்கும் ஒரு பெண், தலையில் கிரீடமாகக் கப்பலின் முகப்பு. அரசி இரண்டாம் பெரெனிகே என்றும், அலெக்சாண்ட்ரியா நகரத்தையே பெண்ணாக உருவகித்தது என்றும் சொல்வார்கள். கற்கள் அவ்வளவு பொடியானவை. இரண்டடி தள்ளி நின்றால் தூரிகை ஓவியம் என்றே தோன்றும். இந்த ஊருக்கு வந்து இதைப் பார்க்காமல் போகக்கூடாது.

மாலையில் புதிய நூலகம். 2002 அக்டோபரில் திறந்தது. அஸ்வான் கிரானைட்டில் எழுப்பிய வெளிச்சுவரில் 120 எழுத்து முறைகளின் எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வாசிப்புக் கூடம் பதினொரு படித்தட்டுகளாக இறங்கும், லிஃப்ட் உண்டு. பெரிய பைகளை வாசலுக்கு வெளியே ஒப்படைக்க வேண்டும், பணமும் பாஸ்போர்ட்டும் கையோடு இருக்கட்டும். கீழ்த்தளத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு, தாராளமாக வாங்கலாம். நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த நாய் மொசைக் அங்கேதான் இருக்கிறது. கவிழ்ந்து கிடக்கும் உலோகக் குடத்தின் பக்கத்தில், கழுத்தில் சிவப்புப் பட்டையோடு உட்கார்ந்து நம்மையே பார்க்கும். வார நாள்களில் நூலகம் மாலை வரை திறந்திருக்கும். வெள்ளி, சனியில் அந்தத் தைரியத்தோடு போக வேண்டாம். அங்கே வார விடுமுறை அந்த இரண்டு நாளும்தான்.

இரண்டாம் நாள் காலை கார்மூஸ் பகுதி (கோம் எல் ஷொகாஃபா நிலவறைக் கல்லறை, செராபியம் தூண்), மதியத்துக்கு மேல் கைத்பே கோட்டை. மொன்டாசா தோட்டம் ஊர் மையத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே இருக்கிறது. போக வர நெரிசல். இரண்டு நாள் கணக்கில் அதை விட்டுவிடுங்கள்.

மரக்கலம்:
ரயில் பற்றி மட்டும் சொல்றேன்.

அலெக்சாண்ட்ரியா ரயில்கள் கெய்ரோவின் ராம்சேஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். 2024-இல் திறந்த பஷ்தீல் நிலையம் தெற்கு எகிப்து வண்டிகளுக்கு. டாக்ஸிக்காரரிடம் வெறுமனே "ரயில் ஸ்டேஷன்" என்று சொல்லாம "ராம்சேஸ்" என்றே சொல்லுங்க. முதல் வகுப்பில் வரிசைக்கு மூன்று இருக்கை, இரண்டாம் வகுப்பில் நான்கு. 2022-க்குப் பிறகு வந்த தால்கோ என்ற புது வகை வண்டிகள் இன்னும் வசதி. வியாழன் மாலை கெய்ரோவிலிருந்து போகும் வண்டியும் சனி மாலை திரும்பும் வண்டியும் நிரம்பி வழியும். ஞாயிறு முதல் புதன் வரை பயணம் வச்சுக்கோங்க.

பெட்டி எண், இருக்கை எண் பெரும்பாலும் அரபு இலக்கத்தில்தான் இருக்கும். குழப்பம் வரும் இடம் இதுதான்: வட்டமாக நம்ம சுழியம் மாதிரி இருப்பது ஐந்து. சுழியம் வெறும் புள்ளி. நம்ம 7 மாதிரி இருப்பது ஆறு. உண்மையான ஏழு மேல்பக்கம் திறந்த கூம்பு, எட்டு அதையே கவிழ்த்தது. ஒன்றும் ஒன்பதும் பார்த்தவுடன் தெரியும். எழுத்து வலமிருந்து இடம் ஓடினாலும் எண்ணை இடமிருந்து வலமாகத்தான் படிக்கணும். சந்தையில் விலைப்பலகை, வண்டி நம்பர் எல்லாத்துக்கும் இது உதவும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வச்சுக்கோங்க.

ஊருக்குள் நுழையும்போது முதலில் சீதி காபர் நிலையம் வரும், பாதிப் பெட்டி காலியாகும். கூட்டத்தோடு நீங்களும் இறங்கிடாதீங்க. ஸ்டான்லி, ருஷ்தி பக்கம் தங்கினால் மட்டும் அங்கே இறங்கலாம். மையப் பகுதிக்குக் கடைசி நிலையமான மிஸ்ர்.

ஊருக்குள் கறுப்பு-மஞ்சள் டாக்ஸி. மீட்டர் போட மாட்டாங்க, ஏறும் முன்பே கட்டணம் பேசணும். ஊபர் ஓடுது, வயதானவர்களோடு போகும்போது அதுதான் நிம்மதி. கடற்கரைச் சாலையில் ஊபர் அழைத்தால் ஒன்றைப் பாருங்க: வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றால், நடுத் தடுப்பைச் சுற்றி வர வெகு நேரமாகும். நீங்கள் நிற்கும் பக்கத்தை வரைபடத்தில் சரியாகக் குறிங்க. அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கவும் வேண்டாம். எட்டு தடத்தில் நிற்காமல் வண்டி வரும். சுரங்கப் பாதை இருக்கும் இடம் வரை நடந்து போய்க் கடங்க. ராம்ல் டிராம் பாதையைப் புதுப்பிக்கும் திட்டம் நடப்பதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

தங்க ராம்ல் சதுக்கம், சாத் ஸக்லூல் சதுக்கம் சுற்று வட்டாரம் நல்லது. ஒரு எச்சரிக்கை: அங்கே பல சிறு ஹோட்டல்கள் பழைய கட்டடத்தின் நாலாம், ஐந்தாம் மாடியில் மட்டும் இயங்குது. லிஃப்ட் இருக்கா, அது வேலை செய்யுதா, லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி என்று மூன்றையும் கேளுங்க. "லிஃப்ட் உண்டு" என்ற பதில் போதாது. டிசம்பரில் கடல் பார்த்த அறை என்றால் ஜன்னல் சட்டம் இரவெல்லாம் காற்றில் அடிக்கும், வண்டி ஹாரனும் சேரும். தூக்கம் முக்கியம் என்றால் உள்பக்க அறை.

பயணப்பை:
மிக்க நன்றி. இரண்டு நாள் என்று முடிவு செய்துவிட்டோம். கார்மூஸ் கல்லறைக்கு அம்மா இறங்க முடியுமா? முடியாது என்றால் அப்பா மட்டும் போவது பயன் உள்ளதா?

கல்வெட்டுக்காரன்:
கோம் எல் ஷொகாஃபாவில் சுழல் படிக்கட்டு மட்டும் 99 படி. லிஃப்ட் கிடையாது, இறங்கினால் ஏறியே ஆக வேண்டும். நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு கிணறு போன்ற குழி. அந்தக் காலத்தில் உடல்களைக் கயிறு கட்டி அதன் வழியாகத்தான் இறக்கினார்கள். படிகள் அதைச் சுற்றி இறங்கும். அம்மா மேலேயே இருக்கட்டும். வளாகத்துக்குள் உட்கார இடம் உண்டு, தரையும் சமம்.

அப்பா கட்டாயம் இறங்க வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கல்லறை, பாறையைக் குடைந்து மூன்று அடுக்கு. எகிப்து, கிரேக்கம், ரோம் மூன்றும் ஒரே சுவரில் கலந்திருப்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்ப்பது அரிது. பிரதான கல்லறையின் வாசலில் நின்று வெளிப்பக்கம் பாருங்கள்: இரு பக்கமும் தாடி வைத்த பாம்பு, தலையில் எகிப்தின் இரட்டைக் கிரீடம், அதோடு கிரேக்கக் கடவுளரின் கோல்கள். மேலே கேடயத்தில் கிரேக்கக் கதைகளில் வரும் பாம்புக் கூந்தல் மெதூசாவின் தலை. உள்ளே நுழைந்ததும் அப்படியே திரும்பி, வந்த வாசலைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் எதிரே உள்ள சவப்பெட்டி மாடத்தையே பார்த்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள். வாசலின் ஒரு பக்கம் நரித்தலை அனுபிஸ் ரோமானியப் போர்வீரனின் மார்புக் கவசம் போட்டு நிற்கும். மறுபக்கத்து உருவத்துக்கு இடுப்புக்குக் கீழே பாம்பு வால். எகிப்தியத் தெய்வத்துக்கு ரோமானியச் சீருடை மாட்டிக் காவல் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு மேல் தளத்தில் மூன்று பக்கமும் கல் திண்ணை வைத்த அறை ஒன்று உண்டு. இறந்தவர்களின் நினைவு நாளில் உறவினர்கள் சாய்ந்து உட்கார்ந்து விருந்து உண்ட இடம்.

கீழடுக்கில் நெடுங்காலம் நீர் நின்றது. நிலத்தடி நீரை இறைத்து மட்டத்தைக் குறைக்கும் பணி 2019-இல் முடிந்தது. இருந்தாலும் ஈரப்பதம் உண்டு, தரை வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். திறக்கும் நேரத்துக்கே போனால் சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் முடித்துவிடலாம். கெய்ரோவிலிருந்து கிளம்பும் பேருந்துகள் 10 மணி வாக்கில்தான் வந்து சேரும்.

செராபியம் (செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் இருந்த மேடு) அங்கிருந்து பத்து நிமிட நடை. ஆனால் தெரு குறுகல், சந்தை நெருக்கடி, அம்மாவுக்கு டாக்ஸி பிடித்துவிடுங்கள். அங்கே நிற்கும் தூணுக்கு "பாம்பேயின் தூண்" என்ற பெயர் தவறாக ஒட்டிக்கொண்டது. ரோமானியத் தளபதி பாம்பேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக கி.பி. 300 வாக்கில் நிறுத்தியது. அடி முதல் உச்சி வரை ஏறக்குறைய 27 மீட்டர். நடுத்தண்டு ஒரே அஸ்வான் கிரானைட் கல், 20 மீட்டருக்கு மேல். அம்மா கீழிருந்தே தூணைப் பார்த்துவிடலாம். மேட்டுக்குப் பின்பக்கம் செராபிஸ் கோயிலின் நிலவறைப் பாதைகள் உள்ளன. பெரிய நூலகத்தின் கிளை இந்தக் கோயிலில் இருந்தது, கி.பி. 391-இல் கோயில் இடிக்கப்பட்டது. இங்கே 1895-இல் கிடைத்த, ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கருங்கல் அபிஸ் (எகிப்தியரின் புனிதக் காளை) சிலைதான் கிரேக்க-ரோமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. முதல் நாளே அதைப் பார்த்திருப்பீர்கள் என்பதால் இந்த வெற்று மேடு அப்பாவுக்கு வெறுமையாகத் தெரியாது.

சீட்டு பற்றி ஒன்று. தொல்லியல் துறையின் பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டவரிடம் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டும்தான். விசா அல்லது மாஸ்டர்கார்டு எடுத்துப் போங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் இயக்கிவிட்டே கிளம்புங்கள். கவுன்டரில் கார்டு மறுக்கப்படுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். உதவிக்கு இன்னொரு கார்டும் இருக்கட்டும். டாக்ஸி, கழிப்பறை, அன்பளிப்புக்குச் சில்லறை நோட்டு தனியாக வேண்டும்.

நெய்தல்:
சாப்பாடு பற்றி.

அப்பாவுக்கு: காலையில் ஃபூல் (மொச்சை வகைப் பயறு, எண்ணெய், எலுமிச்சை, சீரகம் போட்டு மசித்தது), தஅமியா (மொச்சையில் செய்யும் எகிப்திய வடை), மதியம் குஷரி (சோறு, பருப்பு, மக்ரோனி கலந்தது), முஸக்கஆ என்கிற கத்தரிக்காய்க் கறி. ராம்ல் சதுக்கத்துக்கு அருகிலுள்ள முகமது அகமது கடை ஃபூலுக்குப் பெயர் பெற்றது. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. கோழியை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பருப்பு சூப், முலூகியா என்ற கீரைக் குழம்பு, காய்கறிக் குழம்பு எல்லாவற்றிலும் எலும்புச் சாறு ஊற்றியிருக்கலாம். கேட்க வேண்டிய சொல் "ஸியாமி". காப்டிக் கிறிஸ்தவர்களின் நோன்புச் சாப்பாடு அது. இறைச்சி, பால், முட்டை, நெய் எதுவும் இராது. சில நோன்புகளில் மீன் உண்டு என்பதால் "மீனும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும் டிசம்பர் அவர்களுடைய கிறிஸ்துமஸ் நோன்புக் காலம், அதனால் எளிதாகக் கிடைக்கும்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு: பஹரி, அன்ஃபூஷி பக்கக் கடைகளில் ஐஸ் மேல் அடுக்கிய மீனை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், விலை கிலோ கணக்கு. ஆளுக்கு அரைக் கிலோ முழுமீன் தாராளம். எடை போடுவதை நின்று பாருங்கள். சமைக்கும் கூலி விலைக்குள் அடங்குமா, ரொட்டி, தஹினி (எள் விழுது), சாலட் தட்டுகளுக்குத் தனியா என்று அப்போதே கேளுங்கள். பில்லில் வரும் தகராறு எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான். மடவை மீனுக்கு "ரத்தா" முறை கேளுங்கள்: கோதுமைத் தவிடு பூசி நெருப்பில் வாட்டுவார்கள். வெளியே கரிந்து கறுப்பாக வரும், உள்ளே சாறு வற்றாது. அந்தத் தோலை உரித்துப் போட்டுவிட்டுச் சதையை மட்டும் சாப்பிட வேண்டும், தோலோடு தின்றால் கசக்கும். மீனை நடுவில் பிளந்து தக்காளி, வெங்காயம், மிளகாய் பரப்பிச் சுடுவது "சிங்காரி". நம் நாக்குக்கு இதுதான் நெருக்கம். கூடவே கருக வதக்கிய வெங்காயத்தில் பழுப்பாக வெந்த ஸயாதிய்யா சோறு.

ஃபெஸீக் என்ற ஊறவைத்த மடவையை மட்டும் தொட வேண்டாம். சரியாக உப்பேறாமல் ஊறினால் பொட்டுலிசம் நஞ்சு உருவாகும். அதைத் தின்று ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

கலங்கரை:
கைத்பே கோட்டை பற்றிச் சொல்லாமல் விட்டது. சுல்தான் கைத்பே 1477-இல் தொடங்கி இரண்டு ஆண்டில் கட்டியது. ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்ற அதே இடம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அந்த விளக்கம், 100 மீட்டருக்கு மேல் உயரம், 1303, 1323 நிலநடுக்கங்களில் முற்றாகப் பாழானது. கோட்டைச் சுவரில் ஆங்காங்கே தெரியும் சிவப்புக் கிரானைட் அதன் மிச்சம் என்பது பலர் கருத்து. மீதிக் கற்கள் கோட்டையை ஒட்டிய கடலடியில் கிடக்கின்றன. 1994 முதல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். 2025-இல் வாசல் நிலைக்கற்கள் உட்பட 22 பெரிய கற்களை மேலே தூக்கி அளந்தார்கள்; சில 70, 80 டன்.

முற்றமும் கடல் மதிலின் கீழ்ப்பாதையும் அம்மாவுக்குப் போதும். உள்கோபுரத்தின் மாடிப்படி குறுகல், தேவையில்லை. கோட்டையிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் கிழக்குத் துறைமுகத்தின் முழு வளைவும், எதிர்க்கரையில் நூலகத்தின் சாய்ந்த வட்டக் கூரையும் தெரியும். அரண்மனைகள் மூழ்கிக் கிடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். மேற்கே ராஸ் எல் தீன் அரண்மனையும் கடற்படைத் தளமும் இருக்கின்றன. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம், காவலர்கள் படங்களை அழிக்கச் சொல்வார்கள்.

கல்வெட்டுக்காரன்:
அப்பா வரலாற்று ஆர்வலர் என்பதால் இன்னும் ஒன்று. நம் பக்கத்து மிளகும் தந்தமும் இந்த ஊருக்கு மத்தியதரைக் கடல் வழியாக வரவில்லை. செங்கடல் துறையில் இறக்கி, ஒட்டகத்தில் நைல் கரை ஊரான கொப்தோஸ், அங்கிருந்து நைல் படகில் வந்து, கால்வாய் வழியே தெற்கே இருக்கும் மரியூத் ஏரிப் பக்கத்தில் சேர்ந்தது. கடல் துறைமுகத்தைவிட ஏரித் துறைமுகத்துக்கே வரத்து அதிகம் என்று பழங்காலக் கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ரேபோ எழுதியிருக்கிறார். சங்கப் பாடல்களில் வரும் முசிறியிலிருந்து ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கு பற்றிய கடன் ஒப்பந்தம் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. இந்த வழியையும், அலெக்சாண்ட்ரியாவின் சுங்கக் கிடங்கையும், நான்கில் ஒரு பங்கு வரியையும் அது சொல்கிறது. அந்தத் தாள் வியன்னாவில் இருக்கிறது, இங்கே தேட வேண்டாம். தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்ததும் செங்கடல் துறைகளான பெரெனிகே, குசைர் அல் காதிமில்தான்.

ஏரிக்கரையில் பார்க்க இன்று பெரிதாக எதுவும் இல்லை. கார் வைத்திருந்தால் மேற்கே 45 கிலோமீட்டர் அளவில் அபூசீர். கலங்கரை விளக்கத்தின் சிறு உருவம் என்று கருதப்படும் பழைய கோபுரம் அங்கே நிற்கிறது: கீழே சதுரம், நடுவே எண்கோணம், மேலே உருளை. போர்க் எல் அரப் விமான நிலையம் வழியாகப் போகிறவர்களுக்கு அதிகச் சுற்று இல்லை. கெய்ரோவுக்கு ரயிலில் திரும்பும் உங்களுக்கு இது அரை நாளைத் தின்றுவிடும்.

மரக்கலம்:
மழை பற்றி யாரும் சொல்லலை. கெய்ரோவை நினைத்துக்கொண்டு வராதீங்க. டிசம்பரில் பகல் 18, 19 டிகிரி, இரவு பத்தை ஒட்டி. குளிர்காலப் புயல்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் பெயரே வச்சிருக்காங்க: நவம்பரில் மக்னஸா, டிசம்பர் முதல் வாரத்தில் காசிம். நாளைக் கணக்கில் முன்பின் ஆகும். வந்தால் ஓரிரு நாள் விடாமல் பெய்யும், வடிகால் நிரம்பிச் சுரங்கப் பாதையில் தண்ணீர் நிற்கும், கோட்டைப் பக்கம் அலை மதிலைத் தாண்டி விழும். குடை அந்தக் காற்றில் நிற்காது; மழைக்கோட்டு எடுத்துப் போங்க.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் வானிலை பாருங்க. முதல் நாள் மழை என்றால் கோம் எல் திக்காவை விட்டுவிட்டு அருங்காட்சியகம், நூலகம் மட்டும், இரண்டும் கூரைக்குள். இரண்டாம் நாள் மழை என்றால் நாள்களை அப்படியே மாற்றிப் போடுங்க. இரண்டு நாளும் புயல் என்றால் ரயில் சீட்டைத் தள்ளிப் போடுவதே மேல், கெய்ரோவில் பார்க்க இடமா இல்லை. சீட்டு எடுக்கும்போதே ரத்து விதி என்ன என்று கவுன்டரில் கேட்டு வச்சுக்கோங்க.